பேருந்து யாருடையது?

(ஹைதராபாதில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹைதராபாத் முஷீராபாதில் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகமான பஸ் பவன் இருக்கிறது. அதன் வளாகத்தில் பழைய ஆல்பியன் பேருந்து ஒன்று காட்சிக்கு நிறுத்தப்பட்டுள்ளது. 1932 ஜூன் மாதத்தில் நிஜாம் அரசின் ரயில்வே நிர்வாகம் சாலைப் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது வாங்கிய வண்டிகளில் ஒன்று அது. அன்று அந்தத் துறையிடம் இருந்தவை 27 பேருந்துகள். பணியாற்றியவர்கள் 166 பேர்.

அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1999-இல், அந்தத் துறையின் வாரிசான ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகம் உலகிலேயே மிக அதிகமான பேருந்துகளை வைத்திருக்கும் நிறுவனமாகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அப்போது அதனிடம் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேருந்துகள் இருந்தன. அதற்கும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2019 அக்டோபரில், அதே கழகத்தின் தெலுங்கானாப் பகுதியில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 48 ஆயிரம் தொழிலாளர்களைப் பார்த்து, "அவர்கள் தங்களைத் தாங்களே வேலைநீக்கம் செய்துகொண்டுவிட்டார்கள்" என்று மாநில முதலமைச்சர் அறிவித்தார்.

இருபத்தேழு பேருந்திலிருந்து உலக சாதனை வரை வளர்ந்த ஒரு பொதுத்துறை நிறுவனம், இருபதே ஆண்டுகளில் "மீட்க முடியாத சுமை" என்று ஆட்சியாளர்களால் பேசப்படும் நிலைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குரிய விடை தெலுங்கானாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் அரசுப் பேருந்து ஓடும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் அது பொருந்தும்.

ரயிலின் நிழலில் பிறந்த பேருந்து

நிஜாமின் பேருந்து மக்கள் நலனை எண்ணித் தொடங்கப்பட்டதன்று என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஹைதராபாத் சமஸ்தானத்தின் ரயில் பாதைகள் நெடுங்காலம் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தன. 1930-இல்தான் நிஜாம் அரசு அவற்றை விலைகொடுத்து வாங்கியது. உலகப் பொருளாதார நெருக்கடியின் ஆண்டுகள் அவை. ஒருபுறம் சரக்கும் பயணிகளும் குறைந்தனர். மறுபுறம் தனியார் மோட்டார் வண்டிகள் ரயிலின் வருவாயைப் பறித்துக்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதே சிக்கல் இருந்தது. ரயிலுக்கும் சாலைக்கும் இடையிலான போட்டியை ஆராய மிச்சல், கிர்க்னெஸ் ஆகிய இரு அதிகாரிகளை அரசு நியமித்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவில் விவாதமாக நின்றதை ஹைதராபாத் செயலாக்கியது. ரயில் ஏற்கெனவே அரசின் கையில் இருந்தது. பேருந்தையும் அரசே எடுத்துக்கொண்டது. ரயில் நிற்குமிடத்தில் பேருந்து தொடங்க வேண்டும். ரயிலோடு போட்டியிடக் கூடாது, ரயிலுக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பதே திட்டம். முதலீட்டைக் காக்கும் நோக்கத்தோடு பிறந்த திட்டந்தான் அது. ஆயினும், போக்குவரத்து முழுவதையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ்த் திட்டமிட முடியும் என்பதை அது இந்தியாவிலேயே முதன்முதலாக நடத்திக் காட்டியது.

இந்தக் கழகத்தின் பேருந்துப் பதிவெண்களில் 'இசட்' என்ற எழுத்து இருப்பதற்கு ஹைதராபாத் மக்களிடையே ஒரு கதை வழங்குகிறது. கடைசி நிஜாம் தம் தாயார் ஜஹ்ரா பேகத்தின் நினைவாக அந்த எழுத்தை வைக்கச் சொன்னார் என்பது அந்தக் கதை. மன்னர்களுக்குப் பெருமை சேர்க்கும் கதைகள் எளிதில் நிலைத்துவிடுகின்றன. ஆனால் அந்தப் பேருந்துகள் ஓடிய சமஸ்தானத்தில் கிராமங்கள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தன. வெட்டி உழைப்பு வழக்கத்தில் இருந்தது. 1946-இல் அந்தக் கொடுமைக்கு எதிராக எழுந்ததே தெலுங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டம். நிஜாம் ஆட்சி வீழ்ந்து, ரயில்வே மத்திய அரசிடம் சென்றபின், 1951 நவம்பர் 1 அன்று சாலைப் போக்குவரத்துத் துறை ரயில்வேயிலிருந்து பிரிந்து ஹைதராபாத் மாநில அரசிடம் வந்தது. மன்னரின் சொத்தாக இருந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியிடம் மக்கள் கேள்வி கேட்கக்கூடிய சொத்தாக மாறத் தொடங்கியது அன்றுதான்.

நாட்டுடைமையும் நீதிமன்றமும்

பேருந்தை அரசு நடத்தலாமா என்பது இன்று இயல்பான செய்தியாகத் தோன்றலாம். குடியரசின் தொடக்க ஆண்டுகளில் அது அரசியல் சட்டத்தையே அசைத்த கேள்வி. உத்தரப் பிரதேச அரசு சொந்தமாகப் பேருந்துகளை ஓட்டித் தனியாரை விலக்கியபோது, பேருந்து முதலாளிகள் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். தொழில் செய்யும் அடிப்படை உரிமை தங்களுக்கு உண்டு என்றார்கள். தீர்ப்பு அரசுக்குப் பாதகமாக அமைந்தது. 1951-இல் செய்யப்பட்ட முதல் அரசியல் சட்டத் திருத்தத்தில், எந்தத் தொழிலையும் தனியாரை முழுதாகவோ பகுதியாகவோ விலக்கி அரசே நடத்தலாம் என்ற வாசகம் பத்தொன்பதாம் பிரிவில் சேர்க்கப்பட்டதற்கு இத்தகைய வழக்குகளும் ஒரு காரணம்.

1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, ஹைதராபாத் மாநிலத்தின் பேருந்துகளும் பிரிந்தன. மராத்வாடா வழித்தடங்கள் பம்பாய் மாநிலத்துக்கும், கன்னட மாவட்டங்களின் வழித்தடங்கள் மைசூர் மாநிலத்துக்கும் சென்றன. தெலுங்கானாவில் எஞ்சியவற்றோடு 1958 ஜனவரி 11 அன்று ஆந்திரப் பிரதேச சாலைப் போக்குவரத்துக் கழகம் உருவானது. கடலோர ஆந்திராவில் அப்போது தனியார் பேருந்துகளே ஓடின. கிருஷ்ணா மாவட்டத்தில் வழித்தடங்களை நாட்டுடைமையாக்கக் கழகம் திட்டம் வெளியிட்டவுடன், அங்கிருந்த முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். ஆட்சேபங்களைக் கேட்டவர் துறைச் செயலாளர், முடிவெடுத்தவர் முதலமைச்சர்; கேட்டவரே தீர்மானிக்க வேண்டும் என்று கூறி 1958-இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அதன்பின் முதலமைச்சரே ஆட்சேபங்களைக் கேட்டார். அதுவும் ஒருதலைப்பட்சமானது என்ற வாதத்தை 1959-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் வழக்குகள் இவைதாம்.

இந்த வரலாற்றை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. எந்த வழித்தடமும் அரசுக்குத் தானாக வந்து சேரவில்லை. மாவட்டம் மாவட்டமாக, வழக்கு வழக்காகத் தனியாரிடமிருந்து மீட்கப்பட்டவை அவை. இன்று ஒரு வழித்தடத்தைத் தனியாருக்குத் திருப்பித் தருவதற்கு ஓர் அமைச்சரவைக் கூட்டம் போதும் என்று ஆட்சியாளர்கள் நினைக்கிறார்கள்.

ஒரு பணிமனையின் கணக்கு

1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகங்கள் சட்டத்தின்படி அமைந்த நிறுவனம் இது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண்பாடு இருக்கிறது. போதுமான, திறமையான, சிக்கனமான, ஒழுங்காக ஒருங்கிணைக்கப்பட்ட போக்குவரத்தை வழங்குவது கழகத்தின் கடமை என்கிறது பதினெட்டாம் பிரிவு. கழகம் வணிகக் கோட்பாடுகளின்படி நடக்க வேண்டும் என்கிறது இருபத்திரண்டாம் பிரிவு. ஓடாத ஊருக்குப் பேருந்து விடு என்பது ஒரு கட்டளை. வரவுக்குள் செலவு செய் என்பது மற்றொரு கட்டளை.

ஒரு பணிமனையின் அன்றாட வேலையை எண்ணிப் பார்த்தால் இந்த முரண்பாடு விளங்கும். அதிகாலையில் முதல் பேருந்து மாவட்டத் தலைநகரிலிருந்து ஹைதராபாதுக்குப் புறப்படுகிறது. இருக்கைகள் நிரம்பி விடுகின்றன. வசூல் நன்றாக இருக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு பேருந்து, தெலுங்கில் 'பல்லெ வெலுகு', அதாவது 'ஊரின் வெளிச்சம்' என்ற பெயர் தாங்கி, குண்டும் குழியுமான சாலையில் ஒரு கிராமத்துக்குச் செல்கிறது. போகும்போது பத்துப் பேர்கூட இல்லை. திரும்பும்போது பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்லும் மாணவர்களால் நிரம்பி வழிகிறது. ஆனால் அவர்கள் கையில் இருப்பது சலுகைக் கட்டண அட்டை. கிலோமீட்டருக்கு இவ்வளவு செலவு, இவ்வளவு வருவாய் என்று பணிமனை மேலாளர் எழுதும் ஏட்டில் முதல் பேருந்து 'லாபம்', இரண்டாவது 'நட்டம்'.

முதல் பேருந்தின் லாபம் இரண்டாவது பேருந்தின் நட்டத்தைத் தாங்கியது. இதுவே அரசுப் பேருந்தின் உள்ளியக்கம். நகரத்துப் பயணி தாம் அறியாமலேயே கிராமத்து மாணவியின் கல்விக்குப் பங்களித்தார். அந்த மாணவி பத்தாம் வகுப்போடு நிற்காமல் மேற்படிப்புக்குச் சென்றது, கர்ப்பிணி ஒருவர் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது, காய்கறிக் கூடையோடு ஒரு மூதாட்டி சந்தைக்கு வந்தது ஆகிய எதுவும் மேலாளரின் ஏட்டில் வரவாக ஏறுவதில்லை. முலுகு மாவட்டக் காட்டுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் மேடாரம் சம்மக்கா சாரலம்மா திருவிழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பேருந்துகளைத் திரட்டிப் பழங்குடி மக்களையும் பக்தர்களையும் கொண்டு சேர்ப்பது ஆர்.டி.சி.தான். ஒரு மாநிலத்தின் பேருந்துகள் அனைத்தும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பதால்தான் அது முடிகிறது.

நட்டம் எங்கிருந்து வந்தது?

லாபமும் நட்டமும் ஒன்றையொன்று தாங்கும் இந்த அமைப்பைக் குலைக்க வேண்டுமானால், லாபம் தரும் முனையைப் பிடுங்கினால் போதும். நவதாராளமயக் காலத்தில் நடந்தது அதுவே. ஹைதராபாதிலிருந்து பெங்களூருக்கும் விஜயவாடாவுக்கும் செல்லும் இரவு நேரத் தடங்களில் தனியார் சொகுசுப் பேருந்துகள் பெருகின. அவை பெற்றிருப்பது திருமணக் கூட்டத்தையோ சுற்றுலாக் குழுவையோ மொத்தமாக ஏற்றிச் செல்வதற்கான ஒப்பந்த வாகன உரிமம். ஆனால் வழியெங்கும் தனித்தனிப் பயணிகளை ஏற்றி இறக்கி, தடப் பேருந்தைப் போலவே அவை ஓடுகின்றன. எந்தக் கிராமத்துக்கும் செல்லும் கடமை அவற்றுக்கு இல்லை. மாணவர் அட்டையை ஏற்கும் கடமையும் இல்லை.

இரண்டாவது அடி டீசலில் விழுந்தது. 2013 ஜனவரியில், மொத்தமாகக் கொள்முதல் செய்வோருக்கு மானியம் கிடையாது என்று மத்திய அரசு முடிவெடுத்தது. தனி மனிதர் தம் காருக்கு நிரப்பும் டீசலைவிட அரசுப் பேருந்துக்கு நிரப்பும் டீசல் லிட்டருக்குச் சுமார் 10 ரூபாய் கூடுதலானது. மாநிலக் கழகங்கள் தம் பணிமனைப் பம்புகளை மூடிவிட்டு, சாலையோரச் சில்லறைப் பம்புகளில் பேருந்துகளை வரிசையில் நிறுத்த வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் மொத்தக் கொள்முதல் விலை லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் உயர்த்தப்பட்டபோது அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. நூறு பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு ஒரு விலை, ஒருவரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அதைவிடக் குறைந்த விலை. இதைச் சந்தையின் நீதி என்றார்கள்.

மூன்றாவதாக, அரசுகள் அறிவித்த சலுகைகளின் தொகையை அரசுகளே கழகத்துக்குக் காலத்தில் செலுத்தவில்லை. கழகம் வங்கியில் கடன் வாங்கியது. அதற்கு வட்டி கட்டியது. அந்த வட்டியும் 'நட்டம்' என்ற தலைப்பின் கீழ் ஏறியது. புதிய பேருந்து வாங்கப் பணமில்லை என்று தனியாரிடம் வாடகைப் பேருந்துகள் எடுக்கப்பட்டன. 2019-இல் தெலுங்கானாவில் ஓடிய ஏறத்தாழ 10,400 பேருந்துகளில் சுமார் 2,100 பேருந்துகள் வாடகை வண்டிகள்.

பேருந்துகள் போதாதபோது என்ன நடக்கிறது என்பதற்கு 2018 செப்டம்பர் 11 ஒரு சான்று. ஜகித்யால் மாவட்டத்தில் கொண்டகட்டு மலைச்சாலையில் ஆர்.டி.சி. பேருந்து ஒன்று பள்ளத்தில் உருண்டது. ஏறத்தாழ நூறு பேர் அதில் திணிந்திருந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பெண்கள், பலர் முதியவர்கள். விபத்துக்கு உடனடிக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் ஒரு பேருந்தில் இரண்டு பேருந்துக்கான மக்கள் ஏன் ஏறினார்கள் என்ற கேள்வியை எந்த ஓட்டுநர் மீதும் சுமத்திவிட முடியாது.

52 நாட்கள்

தனி மாநிலப் போராட்டத்தில் ஆர்.டி.சி. தொழிலாளர்களின் பங்கு பெரியது. 2011 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்த 42 நாள் பொது வேலைநிறுத்தத்தில் அவர்கள் பேருந்துகளை நிறுத்தினார்கள். தெலுங்கானா அமைந்தால் தங்கள் நிலை உயரும் என்று நம்பினார்கள். 2014-இல் மாநிலம் பிறந்தது. 2015 ஜூனில் தெலுங்கானா கழகம் தனியாக இயங்கத் தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு, 2015 மே மாத வேலைநிறுத்தத்தின் முடிவில், 44 விழுக்காடு ஊதிய உயர்வும் கிடைத்தது. நம்பிக்கை மெய்ப்பட்டதுபோல் தோன்றிய காலம் அது.

அடுத்த ஊதியத் திருத்தம் 2017 ஏப்ரலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஓய்வு பெற்றோரின் இடங்கள் நிரப்பப்படவில்லை. கழகத்தை அரசோடு இணைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட 26 கோரிக்கைகளை முன்வைத்து, சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு 2019 அக்டோபர் 5 அன்று காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. அன்று மாலை 6 மணிக்குள் வேலைக்குத் திரும்பாதவர்கள் இனி ஊழியர்கள் அல்லர் என்றது அரசு. வேலையில் எஞ்சியிருப்பவர்கள் சுமார் 1,200 பேரே என்று முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ் கூறினார். இனிப் பாதிப் பேருந்துகளைக் கழகம் ஓட்டும், 30 விழுக்காடு வாடகை வண்டிகளாக இருக்கும், 20 விழுக்காடு முற்றிலும் தனியாருடையதாக இருக்கும் என்ற திட்டத்தையும் வெளியிட்டார். வேலைநிறுத்தம் தொடங்கிய மூன்றாம் நாளே அவ்வளவு துல்லியமான விழுக்காடுகள் வெளிவந்தன என்பது கவனிக்கத்தக்கது.

நாள் ஒன்றுக்கு 1,500 ரூபாய்க்கு ஓட்டுநர்களும் 1,000 ரூபாய்க்கு நடத்துநர்களும் தற்காலிகமாக எடுக்கப்பட்டார்கள். தசரா விடுமுறை நீட்டிக்கப்பட்டது. செப்டம்பர் மாதம் உழைத்த உழைப்புக்கான ஊதியமும் வழங்கப்படவில்லை. கம்மம் ஓட்டுநர் ஒருவர் தீக்குளித்து மாண்டார். மாரடைப்பாலும் தற்கொலையாலும் இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை இழந்ததாகச் சங்கங்கள் கூறின. அக்டோபர் 19 அன்று மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடந்தது. நவம்பர் தொடக்கத்தில், 5,100 வழித்தடங்களைத் தனியாருக்குத் திறந்துவிட அமைச்சரவை முடிவு செய்தது. அந்த முடிவில் தலையிட உயர்நீதிமன்றம் மறுத்தது. நவம்பர் 25 அன்று, 52-ஆம் நாளில், கோரிக்கை எதுவும் நிறைவேறாமல் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் பணிக்குத் திரும்பியவர்களை நிர்வாகம் உள்ளே விடவில்லை. நவம்பர் 29 முதலே அனுமதி கிடைத்தது. தடங்களைத் தனியாருக்குக் கொடுக்கும் திட்டம் கிடப்பில் போடப்பட்டது. ஆனால் சங்கங்களுக்கு இடமில்லை, பணிமனை தோறும் நலக்குழுக்கள் போதும் என்று அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் பயணக் கட்டணம் கிலோமீட்டருக்கு 20 காசு உயர்ந்தது.

இந்தப் போராட்டம் தோல்வியா என்று கேட்பவர்கள் உண்டு. 5,100 தடங்கள் தனியாரிடம் போகாமல் நின்றதற்கு அந்த 52 நாட்களே காரணம் என்பதை மறக்கக் கூடாது. அதே நேரத்தில் இரண்டு பலவீனங்களை நேர்மையாக எடைபோட வேண்டும். ஆளும் கட்சியோடு நெருக்கமாக இருந்த சங்கத் தலைமையைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்தார்கள். நெருக்கடி வந்தபோது அந்த நெருக்கம் பயன்படவில்லை. மற்றொன்று அதைவிட முக்கியமானது. 'அரசோடு இணை' என்ற முழக்கம் தொழிலாளியின் பணிப் பாதுகாப்பைப் பற்றிய முழக்கமாகவே மக்களின் காதில் விழுந்தது. கிராமத்துப் பேருந்தைக் காக்கும் முழக்கமாக அது போய்ச் சேரவில்லை. மக்கள் பரிவு காட்டினார்கள்; ஆனால் அது தங்கள் போராட்டம் என்று உணர்ந்து பெருந்திரளாக இறங்கவில்லை.

இணைப்பு: கிடைத்ததும் கிடைக்காததும்

அண்டை மாநிலமான ஆந்திராவில் 2020 ஜனவரி 1 முதல் ஏறத்தாழ 52 ஆயிரம் ஆர்.டி.சி. ஊழியர்கள் அரசு ஊழியர்களாக ஏற்கப்பட்டார்கள். தெலுங்கானாவில் எது முடியவே முடியாது என்று சொல்லப்பட்டதோ, அது சில வாரங்களிலேயே எல்லைக்கு அப்பால் நடந்தது. 2023-இல் சட்டமன்றத் தேர்தல் நெருங்கியதும், அதே சந்திரசேகர ராவ் அரசு அதே இணைப்புக்கான மசோதாவைக் கொண்டுவந்தது. ஆளுநர் தமிழிசை சவுந்தரராஜன் விளக்கங்கள் கேட்டு ஒப்புதலைத் தாமதித்தபோது, தொழிலாளர்கள் ராஜ்பவன் முன் திரண்டார்கள். ஆகஸ்ட் 6 அன்று மசோதா நிறைவேறியது. இணைக்கப்பட வேண்டிய ஊழியர்களின் எண்ணிக்கை 43,373. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 48 ஆயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்த நிறுவனம் அது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், இடையில் எத்தனை இடங்கள் நிரப்பப்படாமல் மறைந்தன என்பது விளங்கும்.

தேர்தலில் ஆட்சி மாறியது. சட்டம் இருந்தது, அது நடைமுறைக்கு வரும் நாள் மட்டும் தள்ளிப்போனது. 2025 மே மாதத்தில் சங்கங்கள் மீண்டும் வேலைநிறுத்த அறிவிப்புக் கொடுத்து, அமைச்சரோடு நடந்த பேச்சுக்குப் பின் ஒத்திவைத்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆந்திராவில் அரசோடு இணைந்தவர்கள் ஊழியர்கள்தாம். கழகம் தனி நிறுவனமாகவே நீடிக்கிறது. தொழிலாளியின் ஊதியத்துக்கு அரசு பொறுப்பேற்பது பெரிய வெற்றி; அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் பேருந்து யாருடையது என்ற கேள்விக்கு அந்த இணைப்பு விடையளிக்கவில்லை. பழைய ஊழியர் ஓய்வுபெறும் வரை அரசு ஊழியராக இருப்பார். அவர் ஓட்டிய பேருந்து கழிக்கப்பட்டதும் அதன் இடத்தில் வருவது தனியாருடைய வண்டியாக இருந்தால், ஒரு தலைமுறைக்குள் அரசுப் போக்குவரத்து என்ற பெயர்ப் பலகை மட்டுமே மிஞ்சும்.

பூஜ்யக் கட்டணமும் மின்பேருந்தும்

2023 டிசம்பர் 9 முதல் தெலுங்கானாவில் பெண்களும் திருநங்கைகளும் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ், நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நடத்துநர் பூஜ்யக் கட்டணச் சீட்டு தருகிறார். அந்தத் தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்ய வேண்டும். 2025 ஜூலைக்குள் இத்தகைய பயணங்கள் 200 கோடியைக் கடந்தன. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம், கர்நாடகம், தெலுங்கானா, 2025 ஆகஸ்டில் ஆந்திரா என்று தென்னகத்தின் பல மாநிலங்களுக்குப் பரவியிருக்கிறது. வேலைக்குப் போகலாமா என்பதைப் பேருந்துக் கட்டணத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருந்த வீட்டு வேலைத் தொழிலாளிக்கும் தையல் தொழிலாளிக்கும் இது கூலி உயர்வுக்குச் சமம்.

ஆனால் பயணிகள் பெருகிய அளவுக்குப் பேருந்துகளும் நடத்துநர்களும் பெருகவில்லை. நெரிசலின் கோபம் அரசின் மீது பாய்வதற்குப் பதிலாக, சீட்டுத் தரும் நடத்துநர் மீதும், கட்டணமின்றி ஏறிய பெண்கள் மீதும் பாய்கிறது. வருவாய் இழந்த ஆட்டோ ஓட்டுநர்களும் வீதிக்கு வந்தார்கள். அவர்களும் உழைப்பாளிகளே, அவர்களுக்கு அளித்த உதவித்தொகை வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு அரசுக்கு உண்டு. ஓர் உழைப்பாளிப் பகுதியை இன்னோர் உழைப்பாளிப் பகுதிக்கு எதிராக நிறுத்தும் சூழ்ச்சிக்கு இடம் தரலாகாது.

இந்த நிலையில்தான் மின்பேருந்துகள் வருகின்றன. மத்திய அரசின் திட்டத்தின்கீழ் ஹைதராபாதுக்கு மட்டும் 2,000 மின்பேருந்துகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. புகையில்லாப் பேருந்தை எதிர்க்கும் தேவை எவருக்கும் இல்லை. எதிர்க்க வேண்டியது அது வரும் முறையை. ஒப்பந்தப்படி பேருந்து கம்பெனிக்குச் சொந்தம். ஓட்டுநர் கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளி. கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். பொதுப் பணத்திலிருந்து மானியமும் உண்டு. பேருந்தில் ஆளில்லாமல் போனால் இழப்பு கழகத்துக்கு. ஓடிய கிலோமீட்டருக்கான தொகை கம்பெனிக்கு. 2019-இல் அமைச்சரவைத் தீர்மானத்தால் செய்ய முடியாததை, பசுமை என்ற பெயரில் ஒப்பந்தப்புள்ளியால் செய்யும் முயற்சி இது. சென்னையிலும் 2025 ஜூன் இறுதியில் மின்பேருந்துகள் இதே முறையில்தான் ஓடத் தொடங்கின.

கடமைகள்

இந்த வரலாற்றிலிருந்து நான்கு கோரிக்கைகள் எழுகின்றன. ஒன்று, மின்பேருந்துக்கான மானியம் கழகங்களுக்கே நேரடியாகத் தரப்பட வேண்டும்; வண்டி பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். இரண்டு, கட்டணமில்லாப் பயணத்துக்கும் மாணவர் சலுகைக்கும் உரிய தொகையை அரசு மாதந்தோறும் செலுத்த வேண்டும். அதை 'நட்டம்' என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட்டு, கல்விக்கும் மருத்துவத்துக்கும் செய்யும் ஒதுக்கீட்டைப் போல வரவுசெலவுத் திட்டத்தில் இடம் தர வேண்டும். மூன்று, காலியிடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். இணைப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். நான்கு, ஒப்பந்த உரிமத்தில் தடப் பேருந்து ஓட்டும் சட்டமீறல் தடுக்கப்பட வேண்டும்.

இவற்றைத் தொழிற்சங்க வாயிற்கூட்டத்தில் மட்டும் பேசினால் போதாது என்பதே 52 நாட்களின் பாடம். எந்த ஊருக்கு மாலைப் பேருந்து நிறுத்தப்பட்டது, எந்தப் பள்ளி மாணவிகள் ஏற இடமின்றி நடந்து போகிறார்கள் என்ற பட்டியல் ஒவ்வொரு கட்சிக் கிளையிடமும் இருக்க வேண்டும். நிறுத்தப்பட்ட பேருந்தைத் திரும்பக் கேட்கும் ஊர்க்கூட்டத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் பேச வேண்டும். நாளை அவர்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது அந்த ஊர் பணிமனை வாயிலுக்கு வரும்.

27 பேருந்துகளோடு தொடங்கிய அந்தத் துறை மன்னரின் முதலீட்டைக் காக்கப் பிறந்தது. அதை மக்களின் பேருந்தாக மாற்றியவர்கள் மூன்று தலைமுறைத் தொழிலாளர்களும், சீட்டு வாங்கிப் பயணம் செய்த கோடிக்கணக்கான மக்களும். அவர்கள் உருவாக்கிய சொத்தைக் கிலோமீட்டர் கணக்கில் கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுக்கும் உரிமை எந்த அமைச்சரவைக்கும் கிடையாது.